ஐந்து பெயரில் இருக்கும் அசெர்ட் மேக்ரோக்களை ஒன்றாக்குவது எப்படி?

அசெர்ட் மேக்ரோ என்பது, கோடில் ஒரு நிபந்தனை உண்மையா என்று ஓடும்போதே சோதித்து, இல்லாவிட்டால் சொல்லிவிடும் வரி. பழைய, பெரிய சி++ கோட்பேஸ் எதிலும் அது நாலைந்து பெயர்களில் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் அப்படித்தான் இருந்தது: ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினுக்கு ஜேஎஸ்_அசெர்ட், மற்ற இடங்களில் என்எஸ்_அசெர்ஷன், என்எஸ்_அபார்ட்_இஃப்_ஃபால்ஸ். அப்புறம் பொதுவாக மோஸ்_அசெர்ட் வந்தது. 2014-ல் ஜேஎஸ்_அசெர்ட் அதற்கு மாறியது.

1. முதலில் பட்டியல். மேக்ரோ பயன்படும் இடங்களை விடுங்கள், அது டிஃபைன் ஆகும் வரிகளை மட்டும் தேடுங்கள். எனக்கு ரிப்கிரெப் என்ற கட்டளைவரித் தேடல் கருவிதான் பிடிக்கும். ஐடிஇ தேடலை நம்ப வேண்டாம். அப்போதைய பில்டில் சேராத இஃப்டெஃப் (நிபந்தனையோடு கம்பைல் ஆகும்) பகுதிகளை அது விட்டுவிடலாம்.

2. பெயரைப் பார்க்காமல் நடத்தையைப் பார்த்துப் பிரியுங்கள். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மோஸ்_அசெர்ட் தோற்றால் டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கான பில்ட்) புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். என்எஸ்_அசெர்ஷன் இயல்பாக ஒரு செய்தியை அச்சிட்டுவிட்டு மேலே போகும். என்எஸ்_அசெர்ஷனைக் கண்ணை மூடிக்கொண்டு மோஸ்_அசெர்ட்டாக மாற்றினால், பல வருடம் யாரும் கவனிக்காத எச்சரிக்கை எல்லாம் கிராஷ் ஆகிவிடும். பயனருக்குப் போகும் ரிலீஸ் பில்டிலும் இயங்கும் மோஸ்_ரிலீஸ்_அசெர்ட் இன்னொரு வகை. வகைக்கு ஒரு மேக்ரோ இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றில் திணிக்காதீர்கள்.

3. அடைப்புக்குறிக்குள் வேலை நடக்கிறதா என்று பாருங்கள். அசெர்ட்டுக்குள்ளேயே கோப்பைத் திறக்கும் ஃபங்ஷனை யாராவது அழைத்திருப்பார்கள். பழைய மேக்ரோ ரிலீஸிலும் அந்த வரியை ஓட்டியிருக்கும். புதியது ஓட்டாது, கோப்பு திறக்கவே திறக்காது. இதைப் பிடிக்க, கோடை ஓட்டாமலே பிழை தேடும் கருவியான கிளாங்-டைடியில் பக்ப்ரோன்-அசெர்ட்-சைட்-எஃபெக்ட் என்ற சோதனை உண்டு. ஆனால் உங்கள் மேக்ரோ பெயரை அதன் அமைப்பில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஃபங்ஷன் அழைப்புகளைச் சோதிப்பதும் இயல்பில் அணைந்திருக்கும். இரண்டையும் செய்யாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் போய்விடும், எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம்.

4. பழைய பெயரைப் புதியதற்கு மாற்றுப்பெயராக வைத்து ஒருமுறை முழு பில்ட், டெஸ்ட் இரண்டையும் ஓட்டுங்கள். அது தாண்டினால், பெயரை எல்லா இடத்திலும் மாற்ற செட் (sed) என்ற கட்டளை போதும். தேடும் பெயரின் இருபுறமும் சொல் எல்லை போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டேட்டிக்_அசெர்ட்டின் வாலையும் சேர்த்து மாற்றிவிடும்.

5. மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள், வேறு எந்தத் திருத்தமும் அதில் வேண்டாம். கிட் 2.23 முதல், ஒதுக்க வேண்டிய கமிட்டுகளை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு வரியையும் யார் மாற்றினார் என்று காட்டும் பிளேம் கட்டளைக்குக் கொடுக்கலாம். வரியை உண்மையில் எழுதியவர் பெயர் மறையாது.

பின்சேர்க்கை: மாற்றிய பிறகு சில கோப்புகளில் மட்டும் அசெர்ட் வேலை செய்யவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கோப்புகள் என்டீபக் (அசெர்ட்டை அணைக்கும் கொடி) போட்டு கம்பைல் ஆகின்றனவா என்று பாருங்கள். ஹெடரில் உள்ள இன்லைன் ஃபங்ஷன் ஒரு கோப்பில் அசெர்ட்டோடும் இன்னொன்றில் அது இல்லாமலும் கம்பைல் ஆனால், லிங்கர் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. பில்ட் முழுவதற்கும் ஒரே கொடி வையுங்கள். பழைய மாற்றுப்பெயர்களை, நிலுவையில் உள்ள பேட்ச்கள் எல்லாம் சேர்ந்த பிறகு நீக்குங்கள்.