வீட்டுக் கராச்சில் காரைச் சேதமின்றி நிறுத்த நாமே செய்துகொள்ளும் துணைகள்

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் கராச் என்பது வீட்டோடு சேர்த்துத் திட்டமிட்டுக் கட்டப்பட்டதாக இராது; மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே இரும்புக் குழாய் நாட்டித் தகரம் போட்ட இடமாகவே இருக்கும். அங்கே புதிதாக ஓட்டுபவரின் கார் உரசுவதற்குக் காரணம் திறமைக் குறைவு மட்டும் அன்று. சாரதி ஆசனத்தில் இருப்பவருக்கு முன் பம்பரின் நுனியும் இடப்பக்கச் சில்லும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டையும் தெரியும் இடத்துக்குக் கொண்டுவருவதே இந்தத் துணைகளின் வேலை. காரை முன்பக்கமாக உள்ளே விடுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: காரையே அளவுகோலாக்குங்கள்

பகல் வெளிச்சத்தில், வெளியே ஒருவர் நின்று வழிகாட்ட, காரை மிக மெதுவாக உள்ளே கொண்டுசென்று சரியான இடத்தில் நிறுத்துங்கள். எது சரியான இடம் என்பதை இறங்கிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். நம் ஒழுங்கைகளில் அதிகம் ஓடும் யப்பானிய 660 சீசீ கார்கள் 3.4 மீற்றர் நீளத்துக்கும் 1.48 மீற்றர் அகலத்துக்கும் உட்பட்டவை. பக்கக் கண்ணாடிகள் இந்த அகலத்தில் சேர்வதில்லை. கராச் 10 அடி, அதாவது ஏறத்தாழ 3.05 மீற்றர் அகலமானால், இடப்பக்கம் ஒன்றரை அடி விட்டாலும் சாரதி இறங்கும் வலப்பக்கத்தில் மூன்றரை அடி மிஞ்சும். இடப்பக்கம் இருப்பவர் முற்றத்திலேயே இறங்கிவிடுவது நல்லது. முன்சுவருக்கும் பம்பருக்கும் இடையில் ஆள் நடக்க ஒன்றரை அடியாவது விடுங்கள். பின்கதவையும் ஒருமுறை முழுதாகத் திறந்து, கூரையிலோ கேற்றிலோ முட்டுகிறதா என்று பாருங்கள். எல்லாம் திருப்தியானால், முன்சில்லுகள் நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு படிகளும் முடியும்வரை காரை அசைக்க வேண்டாம்.

படி 2: தொங்கும் பந்து

பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடித் தேய்ந்த ரெனிஸ் பந்து ஒன்று போதும். சூடாக்கிய ஆணியால் பந்தின் இரு பக்கமும் துளையிட்டு, நைலோன் நூலைக் கோத்து, கீழே ஒரு வாசர் வைத்து முடிச்சிடுங்கள். ஓட்டுபவர் ஆசனத்தில் நேராக அமர்ந்திருக்க, அவருடைய கண்ணுக்கு நேரே, முன்கண்ணாடியை மெல்லத் தொட்டபடி பந்து நிற்குமாறு, நூலைக் கூரையின் தீராந்தியில் கட்டுங்கள். தகரத்தில் கட்டினால் காற்றில் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

நூலின் நீளத்தில் கவனம் தேவை. முன்கண்ணாடி சாய்வானது, ஆகவே பந்து சற்றுத் தாழ்ந்தாலும் அது கண்ணாடியின் கீழ்ப்பகுதியை முந்தியே தொட்டுவிடும், காரும் குறித்த இடத்துக்கு வராமல் பின்னாலேயே நின்றுவிடும். நாளடைவில் இழுபடும் தும்புக்கயிற்றை விட்டு நைலோனைச் சொல்வது இதற்காகவே. பக்கங்கள் திறந்த கராச்சில் சோளகக் காற்றுக்குப் பந்து ஆடுமானால், அதனுள் ஒரு பிடி மணலைத் துளைவழியே இட்டுக் கனமாக்கலாம். மேசனின் தூக்குக்குண்டு போன்ற உலோகம் எதையும் தொங்கவிடக் கூடாது. அது கண்ணாடியைக் கீறும், வெடிக்கவும் வைக்கும். வீட்டில் இரண்டு வாகனங்கள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் வேறு நிறத்தில் தனிப் பந்து வேண்டும்.

படி 3: சுவரில் ஒரு கோடு

ஓட்டுபவர் ஆசனத்தில் இருந்தபடியே பார்க்க, பந்தின் நூல் முன்சுவரில் எந்த இடத்தை மறைக்கிறதோ அங்கே நிலைக்குத்தாக, இரண்டு அங்குல அகலத்தில், ஒளிதெறிக்கும் நாடாவை ஒட்டச் செய்யுங்கள். இனி உள்ளே வரும்போது நூலும் நாடாவும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கார் நேராக வருகிறது. நூல் நாடாவுக்கு வலப்புறம் தெரிந்தால் கார் இடப்புறம் விலகியிருக்கிறது. கடலில் இருப்பவர்கள் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் கண்டு வழிபிடிப்பது போன்ற முறைதான் இது. எனக்கு எல்லாவற்றிலும் பயனுள்ளதாகத் தோன்றுவது இந்தக் கோடுதான், ஏனெனில் பந்து எங்கே நிற்பது என்பதை மட்டுமே சொல்லும், கோடோ வரும் வழி முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கும். மின்சாரம் இல்லாத இரவிலும் முன்விளக்கு பட்டு அது ஒளிரும்.

படி 4: சில்லுத் தடை

மூன்றங்குல உயரமும் ஒன்றரை அடி நீளமும் கொண்ட இரண்டு மரத்துண்டுகள் போதும். பனந்துண்டானால், முற்றிய பனையின் வைரம், அதாவது கடினமான பகுதி, வெளிப்புறத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் சில்லை நோக்கட்டும். வெட்டுவதற்கு முன் பம்பரின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, தடை அதைவிட நன்றாகத் தாழ்ந்திருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் சுண்ணக் குறியில் நிற்கும்போது ரயருக்கும் தடைக்கும் இடையே இரண்டங்குலம் இருக்குமாறு, முன்சுவர்ப் பக்கமாக, இரண்டு துண்டும் ஒரே நேரில் இருக்கும்படி, சீமெந்துத் தரையானால் துளையிட்டு போல்ட்டால் பூட்டுங்கள். மண்தரையானால் நீண்ட குற்றியைப் பாதி புதையுங்கள். பந்து தொட்டதும் நின்றுவிட வேண்டும். கவனம் பிசகினால் மட்டுமே சில்லு தடையில் முட்ட வேண்டும்.

கறையானுக்குப் பயந்து மரத்தில் கழிவு ஒயில் பூசுவதைத் தயவுசெய்து தவிருங்கள். நம் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடிக்கு இறங்கி வருவது. மேலே ஊற்றுவதும் அதே வழியில் இறங்கும். மஞ்சள் பெயின்ற் இருமுறை அடித்தால் மரமும் ஓரளவு பாதுகாக்கப்படும், ஆட்களும் தடுக்கி விழமாட்டார்கள்.

படி 5: பக்கச் சுவர்

கதவு திறந்து முட்டும் உயரத்தில் பழைய மெத்தைப் பஞ்சையோ தடித்த றப்பர் விரிப்பையோ ஒட்டுங்கள். வெட்டிய பழைய ரயர் வேண்டாம். வெட்டு வாயில் நீட்டியிருக்கும் கம்பி நிறப்பூச்சைக் கீறிவிடும்.

படி 6: பழகிப் பார்த்தல்

காரை முற்றத்துக்கு எடுத்துவந்து, உதவியாளர் பக்கவாட்டில் நிற்க, மீண்டும் மீண்டும் உள்ளே விடுங்கள். அவர் ஒருபோதும் காருக்கும் சுவருக்கும் இடையில் நிற்கக் கூடாது. பந்துக்கும் கோட்டுக்கும் பிள்ளைகளோ நாயோ தெரியாது. ஆகவே புறப்படும்போதும் வரும்போதும் காரைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டே ஏறுங்கள். சில்லுத் தடை இருக்கிறது என்று நம்பி ஹான்ட் பிரேக்கைப் போடாமல் விடக் கூடாது. கதவு மூடிய கராச்சானால், நிறுத்தியவுடன் எஞ்சினை அணைத்துவிடுங்கள். புகையிலுள்ள காபனோரொக்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரயர் மாற்றினாலோ வேறு கார் வாங்கினாலோ முதலாம் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சரிபாருங்கள்.