காமன்ரெயில் பிக்கப்பில் மிஸ்ஸிங்: இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன் செய்யக்கூடாதவை

பொலிரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா மாதிரி டீசல் சரக்கு வண்டி ஐடிலிங்கில் நடுங்கி, மேட்டில் இழுவை விட்டு, புகை தள்ளினால் "ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்", அதாவது ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று டிரைவரே சொல்லிவிடுவார். எந்தச் சிலிண்டர், அதில் குறைவது டீசலா கம்ப்ரஷனா (காற்றை அழுத்தும் திறன்) என்று தெரியாமலே, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றுவதில்தான் பணம் வீணாகிறது. அதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. அது ஆளையே முடக்கிவிடும்.

ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்துவது

பழைய பம்ப் வண்டிகளில் இது வழக்கமான வேலை. ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தியும் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து (ரெயில்) அதிக அழுத்தத்தில் டீசல் போகும் காமன்ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. ஐடிலிங்கிலேயே ரெயிலில் சுமார் 250 முதல் 350 பார் அழுத்தம் நிற்கும், லோடில் ஆயிரம் பாரைத் தாண்டும். நட்டின் இடுக்கில் பீறிடும் டீசல் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், முதலில் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. சில மணி நேரத்தில் கை வீங்கி, உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். யாருக்காவது இப்படிப் பட்டுவிட்டால் கட்டுப்போட்டு அனுப்பாதீர்கள். நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போய், "அதிக அழுத்த டீசல் தோலுக்குள் போயிருக்கிறது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். இதற்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும்.

லீக் தேடும்போதும் விரலால் தடவிப் பார்க்க வேண்டாம், அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். பைப்பைக் கழற்ற வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்து, ஸ்கேனரில் (இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ரெயில் பிரஷர் இறங்கியதைப் பார்த்த பிறகே ஸ்பேனரை வையுங்கள்.

மிஸ்ஸிங் சிலிண்டரைக் கண்டுபிடிக்கப் பாதுகாப்பான வழி ஸ்கேனரிலுள்ள சிலிண்டர் கட்-ஆஃப் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டராக டீசலை நிறுத்திப் பார்ப்பது. அந்த வசதி இல்லாத ஸ்கேனர் என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு இன்ஜெக்டரின் கனெக்டரை மட்டும் எடுத்து, ஸ்டார்ட் செய்து சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். மறுபடி அணைத்து மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஓடும்போதே பிடுங்கக் கூடாது. இன்ஜெக்டரைத் திறக்கும் மின்சாரம் பேட்டரியின் 12 வோல்ட் அல்ல, அதைவிடப் பல மடங்கு. பீஸோ வகை (மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் இயங்குவது) என்றால் ஓடும்போது பிடுங்கிய இன்ஜெக்டர் திறந்தபடியே நின்று பிஸ்டனையே உருக்கிவிடலாம்.

ஸ்கேனரில் கோளாறுக் கோடு (குறியீட்டு எண்) வந்த உடனே இன்ஜெக்டர் வாங்குவது

பி0302 என்றால் "இரண்டாவது இன்ஜெக்டர் போச்சு" என்று அர்த்தமல்ல. அந்தச் சிலிண்டரின் பவர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் எடுக்க வேண்டிய வேகத்தை எடுக்கவில்லை, அவ்வளவுதான். காரணம் டீசலாக இருக்கலாம், வால்வாக இருக்கலாம், ஹெட் கேஸ்கட்டாகவும் இருக்கலாம். பி0202 என்றால் கதை வேறு. அது மின்சுற்றுக் கோளாறு, முதலில் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். பி0300-உடன் பி0087-ம் சேர்ந்து வந்தால் ரெயிலுக்கே அழுத்தம் போதவில்லை. அப்போது பில்டரிலுள்ள தண்ணீரை வடித்து, பில்டரை மாற்றி, பம்புக்கு வரும் லைனில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு துண்டு பிளாஸ்டிக் ஓஸ் சேர்த்து காற்றுக் குமிழி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே மற்ற வேலை.

ஸ்கேனரில் சிலிண்டர்வாரியாக வரும் கரெக்‌ஷன் அளவையும் அவசரப்பட்டுப் படிக்காதீர்கள். ஒரு சிலிண்டருக்குப் பிளஸ் அதிகமாகக் காட்டினால், அது பலவீனமாக இருப்பதால் கூடுதல் டீசல் கொடுக்கப்படுகிறது என்றுதான் பொருள். கம்ப்ரஷன் போன சிலிண்டரும் இதே மாதிரிதான் காட்டும். தவிர, சில ஸ்கேனர்கள் ஃபயரிங் ஆர்டர்படி (சிலிண்டர்கள் எரியும் வரிசைப்படி) வரிசைப்படுத்தும். 1-3-4-2 இன்ஜினில் திரையில் மூன்றாவதாக இருப்பது நான்காவது சிலிண்டர்.

ரிட்டர்ன் டெஸ்டை மட்டும் நம்புவது

இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஓஸ்களைக் கழற்றி, ஒரே அளவு பாட்டில்களில் விட்டு, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டி அளப்பது நல்ல டெஸ்ட்தான். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஆனால் இந்தக் கோளாறு பெரும்பாலும் ஸ்டார்ட்டிங் தொந்தரவாகவும் ரெயில் பிரஷர் குறைவாகவும்தான் வெளிப்படும். நாசில் துளை அடைத்திருந்தாலோ, நுனியில் டீசல் சொட்டினாலோ எல்லாப் பாட்டிலும் சமமாகவே நிரம்பும். அதற்கு இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச்தான் வழி.

கம்ப்ரஷனைப் பார்க்காமல் விடுவது, அல்லது எண்ணெய் ஊற்றிப் பார்ப்பது

இன்ஜெக்டருக்குச் செலவு செய்வதற்கு முன் இதைக் கட்டாயம் பாருங்கள். பெட்ரோல் வண்டி கேஜ் தாங்காது, 60 பார் வரை காட்டும் டீசல் கேஜ் வேண்டும். இன்ஜின் சூடாக, பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், இன்ஜெக்டர் கனெக்டர்களை எடுத்துவிடுங்கள். ஹீட்டர் பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்குவது) துளை வழியாக அளந்தால் பல இன்ஜின்களில் 25 முதல் 30 பார் வரும். உங்கள் வண்டிக்கான சரியான அளவை மேனுவலில் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் நான்கைந்து பார் இறங்கியிருந்தால் இன்ஜெக்டரை மாற்றிப் பயனில்லை. ஹீட்டர் பிளக்கை முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள், ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். துருநீக்கி விட்டு, பொறுமையாக முன்னும் பின்னும் திருப்பி எடுங்கள்.

கசிவது ரிங்கா வால்வா என்று பார்க்கப் பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றும் பழக்கம் டீசலுக்கு ஆகாது. பொலிரோவின் 2523 சிசி இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 630 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 18 என்று வைத்தால், பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் 37 மில்லிதான். அதில் 10 மில்லி எண்ணெய் போனாலே விகிதம் 24-ஐத் தாண்டிவிடும். ரிங் தேய்ந்த சிலிண்டரும் நல்ல சிலிண்டர் மாதிரி காட்டும். அளவு கூடினால் எண்ணெயே பிஸ்டனைத் தடுத்து கனெக்டிங் ராடு வளையும்.

அதற்குப் பதில் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் முடிவில், இரு வால்வுகளும் மூடியிருக்கும்போது, பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, ஹீட்டர் பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டுக் கேளுங்கள். ஆயில் மூடியில் சீறினால் ரிங், ஏர் பில்டர் பக்கம் என்றால் இன்லெட் வால்வு, சைலன்ஸரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

இன்ஜெக்டரை மாற்றிப் போடும்போது

இரண்டாவது சிலிண்டரின் இன்ஜெக்டரை மூன்றாவதில் போட்டு, மிஸ்ஸிங் கூடவே போகிறதா என்று பார்ப்பது சரியான முறை. ஆனால் பல வண்டிகளில் இன்ஜெக்டரின் மேல் அதற்கே உரிய ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். இடம் மாறினால் அதை ஸ்கேனர் மூலம் புது இடத்துக்கு எழுத வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்டே பொய் சொல்லும்.

அடியிலிருக்கும் காப்பர் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷர் பல நேரம் இன்ஜெக்டருடன் வராமல் ஹெட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்க்காமல் அதன் மேல் இன்னொன்றைப் போட்டால் இன்ஜெக்டர் உயர்ந்து நிற்கும், ஸ்பிரே பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தில் விழாது. நல்ல இன்ஜெக்டருடனேயே வண்டி புகை தள்ளும். அமரும் இடத்தில் கரி இருந்தாலும் வாஷர் பிடிக்காது. "சுக் சுக்" என்ற சத்தமும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்புப் படிவும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

காலையில் மட்டும் வெள்ளைப் புகையோடு மிஸ்ஸிங் வந்து ஒரு நிமிடத்தில் சரியானால் ஹீட்டர் பிளக்கை மீட்டரில் பாருங்கள். நல்லது பெரும்பாலும் 1 ஓம் பக்கம் காட்டும், செத்தது தொடர்பே காட்டாது. கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

வேலை முடிந்ததும் கோளாறுக் கோடுகளை ஸ்கேனரில் அழித்து, காலி வண்டியாக அல்ல, லோடோடு ஒரு மேடு ஏற்றி இறக்கிவிட்டு கரெக்‌ஷன் அளவுகளை மறுபடி பாருங்கள். இன்ஜெக்டர்களைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று அன்றே ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.