நிக்ரூமா பத்தி 15 மார்க் கேள்வி வந்தா 250 வார்த்தைல எப்படி எழுதுறது

யூபிஎஸ்சி மெயின்ஸ் ஜிஎஸ் 1 (பொது அறிவு முதல் தாள்)-ல உலக வரலாறு படிக்கும்போது ஆசியாவ நல்லா பாத்துட்டு ஆப்பிரிக்காவ கடைசி நேரத்துக்கு தள்ளிவிடுறவங்கதான் அதிகம், "1957 கானா விடுதலை, நிக்ரூமா" அப்படின்னு நோட்ஸ்ல ஒரு வரி இருக்கும் அவ்ளோதான். மேற்கு ஆப்பிரிக்கால இருக்குற கானாவுக்கு விடுதலை வாங்கிக் குடுத்த தலைவர்தான் இவரு. இப்போ "கானாவின் விடுதலையில் குவாமே நிக்ரூமாவின் பங்கை மதிப்பிடுக"ன்னு ஒரு கேள்வி வந்துச்சுன்னு வச்சுக்கோங்க. அவரு 1909-ல பொறந்தாரு, அமெரிக்கால லிங்கன் யுனிவர்சிட்டில படிச்சாரு, லண்டன் போனாருன்னு ஆரம்பிச்சா 80 வார்த்தை காலி, மார்க் ஒண்ணும் வராது. வாழ்க்கை வரலாறு யாரும் கேக்கல, பங்கு என்னன்னுதான் கேட்டிருக்காங்க.

அதனால எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரஃப்ல நடுவுல ஒரு கோடு போடுங்க. இந்தப்பக்கம் அவரு இல்லாட்டியும் நடந்திருக்கும்ங்கிறது, அந்தப்பக்கம் அவரு இருந்ததாலதான் நடந்துச்சுங்கிறது. ரெண்டு பக்கமும் ரொம்பினா "மதிப்பிடுக"ங்கிற வார்த்தைக்கு பதில் தானா வந்துடும்.

மொத பக்கத்துக்கு என்ன போடலாம்? அவரு ஊருக்கு திரும்பி வந்ததே 1947 டிசம்பர்லதான், அதுவும் டான்குவா மாதிரி வக்கீலுங்க நடத்தின யூஜிசிசி (ஐக்கிய கோல்ட் கோஸ்ட் மாநாடு) கட்சிக்கு செயலாளரா. அப்பவே கோல்ட் கோஸ்ட் (கானாவோட பழைய பேரு) கொதிச்சிட்டுதான் இருந்துச்சு. கோகோ மரத்துக்கு நோய் வந்துடுச்சுன்னு சர்க்காரே மரத்தெல்லாம் வெட்ட ஆரம்பிச்சதுல விவசாயிங்க கடுப்புல இருந்தாங்க, வெள்ளக்காரன் கடைல விலை ஏறிப்போச்சுன்னு 1948 ஜனவரில நீ குவாபெனா போன்னேங்கிற உள்ளூர் தலைவர் தலைமைல புறக்கணிப்பு நடந்துச்சு. அப்புறம் 1948 பிப்ரவரி 28, ரெண்டாம் உலகப்போர்ல பர்மா வரைக்கும் போய் சண்டை போட்டுட்டு வந்த சிப்பாய்ங்க, சொன்ன சலுகை எதுவும் கிடைக்கலன்னு தலைநகர் அக்ராவுல கவர்னர் மாளிகைக்கு ஊர்வலமா போனப்போ போலீஸ் சுட்டதுல 3 பேர் செத்துட்டாங்க, ஊரே பத்திக்கிச்சு. இதுல எதையும் ஏற்பாடு பண்ணது நிக்ரூமா இல்ல. ஆனா பிரிட்டிஷ்காரன் அவரையும் சேர்த்து 6 பேர புடிச்சு உள்ள வச்சான், ஜனங்களுக்கு அவரு முகம் தெரிஞ்சதே அதுக்கப்புறம்தான். கலவரத்த விசாரிக்க வாட்சன் கமிஷன், அப்புறம் புது அரசியல் சட்டம் எழுத கூசி கமிட்டின்னு வந்ததும் இந்த கலவரத்தால வந்ததுதான். இத எழுதினா அவர குறைச்சு பேசுறோம்னு பயப்படாதீங்க, இது இல்லாம எழுதினா அது பாராட்டு விழா மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது பக்கம்தான் மெயின். யூஜிசிசிகாரங்க படிப்படியா போகலாம்னு இருந்தாங்க, இவரு "இப்பவே சுயாட்சி"ன்னு சொல்லிட்டு 1949 ஜூன் 12-ல சிபிபி (மக்கள் மாநாட்டுக் கட்சி)ன்னு தனிக்கட்சி ஆரம்பிச்சாரு. கட்சில சேந்தது யாருன்னு கட்டாயம் எழுதுங்க, ஏழாங்கிளாஸோட நின்ன பசங்க, மார்க்கெட்ல யாவாரம் பண்ற பொம்பளைங்க, தங்க வீடு இல்லாம அடுத்தவங்க வராண்டால படுத்துக்கிட்டவங்க. வக்கீலுங்க கைல இருந்த அரசியல இவங்க கைக்கு கொண்டு வந்ததுதான் அவரோட முதல் சாதனைன்னு நான் சொல்லுவேன், சிறை எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

1950 ஜனவரில "பாசிட்டிவ் ஆக்‌ஷன்", அதாவது ஸ்ட்ரைக், புறக்கணிப்பு, ஒத்துழையாமை. காந்திகிட்ட இருந்து எடுத்துக்கிட்ட வழி இதுன்னு ஒரு வரில சொல்லிட்டு நகர்ந்துடுங்க, நம்மாளுங்க இங்க வந்தா அப்படியே தண்டி யாத்திரைக்கு போயிடுறாங்க. எமர்ஜென்சி போட்டு அவர புடிச்சு ஜேம்ஸ் ஃபோர்ட் ஜெயில்ல போட்டாங்க. 1951 பிப்ரவரி எலெக்‌ஷன்ல உள்ள இருந்துகிட்டே அக்ராவுல நின்னு பதிவான 23,122 ஓட்டுல 22,780 வாங்கினாரு, மக்கள் ஓட்டு போட்ட 38 சீட்ல கட்சிக்கு 34. இந்த நம்பர் மனசுல இருக்கட்டும். அவரு உள்ள இருந்தப்போ வெளிய கட்சிய ஓட்டினது கோம்லா பெடமாங்கிற இன்னொரு சிபிபி தலைவர்ங்கிறதையும் சேத்துக்கோங்க, தனி ஆள் கதை இல்லன்னு காட்ட அது ஒண்ணு போதும்.

1951-லிருந்து 57 வரைக்கும் நடந்தத நிறைய பேர் அப்படியே தாண்டிடுறாங்க, என்னைக்கேட்டா மதிப்பெண் இருக்கிறதே அங்கதான். ஜெயில்ல இருந்து வந்தவர கவர்னர் ஆர்டன்-கிளார்க் கூப்பிட்டு ஆட்சி அமைக்க சொன்னாரு, பாதி அதிகாரம்தான், போலீஸ் ராணுவம் எல்லாம் கவர்னர் கைல. "இப்பவே"ன்னு கத்தினவரு அத வாங்கிக்கிட்டாரு. 1952-ல பிரதமர், 1954-ல முழுக்க ஆப்பிரிக்கர்களே இருக்குற மந்திரிசபை. போராட்டத்த விட்டுட்டாருன்னும் வாதாடலாம், உள்ள போய் கைப்பத்தினாருன்னும் வாதாடலாம், ஏதாவது ஒரு பக்கம் நின்னு எழுதுங்க, நடுவுல நிக்காதீங்க.

எதிர்ப்பும் இருந்துச்சு. உலக மார்க்கெட்ல கோகோ நல்ல விலைக்கு போனப்போ அவரோட அரசாங்கம் விவசாயிக்கு குறைஞ்ச விலைய ஃபிக்ஸ் பண்ணுச்சு, அந்த கோவத்துல 1954 செப்டம்பர்ல அசாந்தி பகுதியோட முக்கிய ஊரான குமாசில என்எல்எம் (தேசிய விடுதலை இயக்கம்) கட்சி கிளம்பி அந்த பகுதிக்கு கூட்டாட்சி வேணும்னு நின்னுச்சு. இன்னொரு எலெக்‌ஷன்ல நியாயமான பெரும்பான்மை வந்தாத்தான் விடுதலைக்கு தேதின்னு பிரிட்டன் சொல்ல, 1956-ல மறுபடியும் நின்னு 104-ல 70-க்கு மேல ஜெயிச்சாரு. 1957 மார்ச் 6 விடுதலை.

அந்த தேதிய வச்சே முன்னுரை எழுதலாம், இது மாதிரி: "1844 மார்ச் 6 அன்று ஃபான்டி தலைவர்கள் பிரிட்டனுடன் ஒப்பந்தம் செய்தனர், சரியாக 113 ஆண்டுகள் கழித்து அதே நாளில் கானா விடுதலை பெற்றது. மக்கள் கொந்தளிப்பு ஏற்கெனவே இருந்தது. அதை ஆட்சி மாற்றமாக ஆக்கியதே நிக்ரூமாவின் பங்கு." உங்க நிலைப்பாடு முன்னுரைலயே வந்துடுச்சு பாருங்க. (ஃபான்டிங்கிறது கோல்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்க மக்கள்.)

அளவு கிட்டத்தட்ட இப்படி வச்சுக்கலாம், முன்னுரை 30 வார்த்தை, 1948 பின்னணி 50, சிபிபியும் 1951-ம் 80, அதுக்கப்புறம் 57 வரைக்கும் 60, மீதி கடைசிக்கு. கடைசில 1958 டிசம்பர்ல அக்ராவுல நடந்த அனைத்து ஆப்பிரிக்க மக்கள் மாநாட்ட போடுங்க, காங்கோ விடுதலைத் தலைவர் லுமும்பா வந்து கலந்துக்கிட்ட மாநாடு, அடுத்த நாடுகளுக்கு இது எப்படி பரவுச்சுன்னு காட்ட வசதியா இருக்கும். அவரோட அரசாங்கம் கொண்டு வந்த 1958 தடுப்புக்காவல் சட்டம், அதுல உள்ள போன டான்குவா 1965-ல ஜெயில்லயே செத்தது, அவர பதவிய விட்டு எறக்கின 1966 ராணுவ புரட்சி, இதெல்லாம் ஒரே வரிக்கு மேல வேண்டாம். கேள்வில "விடுதலைக்கு பிந்தைய"ன்னு இருந்தா மட்டும் கணக்க மாத்தி, 1949-க்கு முந்தின கதைய வெட்டிட்டு அந்த இடத்த இதுக்கு குடுங்க.