"அன்லாக் பீஸ் சார்" என்றதும் பணத்தை எடுத்துவிடாதீர்கள்

பெங்களூர் மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் நம்ம பர்மா பஜார்தான் ஞாபகம் வரும். நீங்கள் தமிழ் என்று தெரிந்ததும் கடைக்காரரும் தமிழுக்கு மாறி "அமெரிக்கா பீஸ் சார், அன்லாக்" என்பார். அதாவது அமெரிக்காவிலிருந்து வந்த ஐபோன், எந்த நிறுவனத்தின் சிம்மையும் போடலாம் என்கிறார். உடனே விலை பேச ஆரம்பிக்கிறோம் பாருங்கள், அதுதான் முதல் தவறு.

அவர் சிம்மில் டவர் காட்டுவது கணக்கில்லை. சிம் டிரேயை நீங்களே உருவிப் பாருங்கள். சிம்முக்கு அடியில் பொடி சிப் வைத்த மெல்லிய தகடு ஒன்று ஒட்டியிருந்தால் அது ஆர்-சிம், அதாவது போன் இன்னும் ஏதோ ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பூட்டில்தான் இருக்கிறது, தகடு அதை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது, அடுத்த ஐஓஎஸ் அப்டேட்டிலேயே 'நோ சர்வீஸ்' வந்துவிடலாம். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய் 'கேரியர் லாக்' வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

மச்சான் டெக்சாஸிலிருந்து கொண்டுவருகிறானா? தவணை பாக்கியிருந்தால் அங்கே பொதுவாகப் பூட்டைத் திறக்க மாட்டார்கள். கிளம்புவதற்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள், இங்கே ஜியோ கடையிலோ ஏர்டெல் கடையிலோ போய் நின்று பலனில்லை.

ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் டிரேயே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், விஐ மூன்றும் இசிம் தருகின்றன, அதில் சிக்கல் இல்லை. ஆனால் பழைய சிம்மை இசிம்மாக மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பார்கள், எனவே பேங்க் ஓடிபி தேவைப்படும் நாளில் அதில் கை வைக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு என்றால் வேறு தலைவலி. ஜியோவில் 2ஜி, 3ஜி இல்லை, பேச்செல்லாம் வோல்டிஇ, அதாவது 4ஜி நெட்டிலேயே பேசும் முறை வழியாகத்தான். வெளிநாட்டு போன் சிலவற்றில் நெட் பறக்கும், கால் போகாது! கடையிலேயே வீட்டுக்கு ஒரு கால் போட்டுப் பேசிப் பாருங்கள், நெட் ஓடுவதை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள்.

பழைய போன் என்றால் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். அப்புறம் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் பிளாக் லிஸ்டில் இருக்கிறதா என்று பதில் வரும். ஐபோன் என்றால், விற்பவர் தன் ஆப்பிள் ஐடியிலிருந்து உங்கள் கண் முன்னாலேயே வெளியேற வேண்டும். "வீட்டுக்குப் போய் எடுத்துவிடுகிறேன் சார்" என்றால், சரி, பணத்தையும் அதற்கப்புறமே தருகிறேன் என்று சொல்லுங்கள்.