மழையில் கேரவன்: நியூசிலாந்து மேற்குக் கரையில் வண்டிக்குள் நனையாமல் இருப்பது எப்படி

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வெஸ்ட்போர்ட்டிலிருந்து ஹாஸ்ட் வரை 6-ஆம் எண் நெடுஞ்சாலையில் கேரவன் எடுத்துக்கொண்டு போகப்போகிறீர்களா? மழை வருமா என்று யோசிக்கவே வேண்டாம், வரும். டாஸ்மன் கடலிலிருந்து வருகிற மேகம் சதர்ன் ஆல்ப்ஸ் மலையில் முட்டி இந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஹோகிடிகாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,900 மி.மீ. மழை, மலைக்கு அந்தப் பக்கம் கிறைஸ்ட்சர்ச்சில் 600 சொச்சம்தான். வால்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெய்கிற மழை பயணத்தைக் கெடுப்பதில்லை, வண்டிக்குள் சேருகிற ஈரம்தான் கெடுக்கும்.

முதல் ராத்திரி குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடிவிட்டுப் படுத்தோம். காலையில் கண்ணாடியெல்லாம் வியர்த்து, நீர் கோடுகோடாக வழிந்து மெத்தையின் ஓரத்தில் இறங்கியிருந்தது, தலையணை உறையைப் பிழிந்தால் சொட்டியிருக்கும். ஒரு சொட்டு மழைகூட உள்ளே வரவில்லை, அத்தனையும் நாங்கள் நாலு பேர் விட்ட மூச்சு. அதனால் எவ்வளவு குளிர்ந்தாலும் கூரை வென்ட்டை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள், காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலையும் கொஞ்சம் திறந்து விடுங்கள். எழுந்ததும் முதல் வேலை பழைய துண்டால் கண்ணாடியைத் துடைப்பது, அப்புறம்தான் காபி. குளிருகிறதே என்று கேஸ் அடுப்பை எரியவிட்டுச் சூடேற்றுவது மட்டும் கூடவே கூடாது. ஈரமும் ஏறும், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

சமையலிலும் இதே கணக்குதான். குக்கர் விசில் அடித்தால் அந்த ஆவி முழுக்கப் படுக்கையில்தான் போய் உட்காரும். மழை நாளில் சோறு, பருப்பு எல்லாவற்றையும் ஹாலிடே பார்க்கின் (கேரவனை நிறுத்தித் தங்குகிற இடம்) பொதுச் சமையலறையில் முடித்துக்கொள்ளுங்கள், வண்டிக்குள் ரசம் சூடு பண்ணினால் போதும்.

ஈரத் துணிக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். எங்களுக்கு அது ஷவர் அறை: கதவுக்கு வெளியிலேயே ஜாக்கெட்டை உதறி, நேராக அங்கே கொண்டுபோய் மாட்டி, கதவைச் சாத்திவிடுவோம். ஷூவுக்கு வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப், உள்ளே நடக்க வேறு செருப்பு. மூன்று ராத்திரிக்கு ஒரு தடவையாவது கரண்ட் இணைப்புள்ள இடத்தில் தங்கி, ஹீட்டரைப் போட்டு, அங்கேயே டிரையரில் எல்லாத் துணியையும் காயவைத்து விடுங்கள். அந்தக் காசைப் பார்க்காதீர்கள்.

சரி, சாலை. தினமும் கிளம்புமுன் அந்நாட்டு வானிலை அமைப்பான மெட்சர்வீஸின் மழை எச்சரிக்கையையும் நெடுஞ்சாலைத் துறையின் சாலை நிலவரத்தையும் பாருங்கள். 2019 மார்ச் 26 அன்று வந்த வெள்ளத்தில் ஃபிரான்ஸ் ஜோசஃப் பக்கத்து வைஹோ பாலமே அடித்துக்கொண்டு போனது. அங்கே பக்கத்தில் சுற்றுவழி என்று ஒன்று கிடையாது, சாலை மூடினால் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே திட்டத்தில் ஒரு நாளாவது சும்மா விட்டு வையுங்கள், ஊருக்குத் திரும்பும் விமானத்தை நெருக்கிப் போடாதீர்கள். ஃபாக்ஸ் கிளேசியரிலிருந்து ஹாஸ்ட் வரை சுமார் 120 கி.மீ., பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது, முன்கூட்டியே டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒற்றைவழிப் பாலங்களில் உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும். உயரமான வண்டி என்பதால் கடல் பக்கம் திறந்த இடங்களில் காற்று பக்கவாட்டில் தள்ளும், வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவர்களை ஒதுங்கி முன்னே விடுங்கள்.

மழை என்று வண்டிக்குள்ளேயே முடங்க வேண்டாம். புனகைகியில் அடுக்கடுக்கான பாறைகளுக்கு நடுவே கடல்நீர் பீறிட்டு மேலே வரும், கடல்மட்டம் ஏறியிருக்கும் ஓத நேரம் பார்த்துப் போனால் இருபது நிமிட நடைதான், கடல் கொந்தளிக்கிற நாளில் அது பார்க்க வேண்டிய காட்சி. ஹாஸ்ட் கணவாயில் தண்டர் கிரீக் அருவி மழைக்குப் பிறகுதான் முழு வீச்சில் இருக்கும். ஹோகிடிகா ஊருக்கு வெளியே சாலையோரம் இரவில் மின்னும் புழுக்களையும் குடை பிடித்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் ஹோகிடிகா பள்ளத்தாக்கை அடைமழை நாளில் தவிருங்கள், அந்த நீலப்பச்சைத் தண்ணீர் கலங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். மழை விடுகிற நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் ஆற்றங்கரையிலும் மரத்தடியிலும் நிறுத்தாதீர்கள். புல்தரை பார்க்க நன்றாக இருக்கும், காலையில் சக்கரம் புதைந்திருக்கும், ஜல்லி போட்ட இடமே நல்லது. மழை விட்டதும் கதவை ஆவென்று திறந்துவைக்கவும் வேண்டாம், சாண்ட்ஃபிளை என்கிற கடிபூச்சி அந்த நேரத்துக்காகவே காத்திருக்கும். இருட்டின பிறகு அது கடிக்காது, அப்போது நன்றாகக் காற்றோட விடுங்கள்.