காய்ந்து கிடக்கும் மீன் தொட்டியை உயிர்ச்செடியோடு மறுபடி வைப்பது எப்படி?

மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்த இரண்டடித் தொட்டியை இறக்கி, இந்த முறை பிளாஸ்டிக் செடி வேண்டாம், நிஜச் செடியே வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல ஊர்களில் நல்ல கடினம், அதாவது சுண்ணாம்பு உப்பு கூடுதல்; ஃபுளோரைடும் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டாமல், அதில் தழைக்கிற செடியையும் மீனையும் வாங்குங்கள். பாதி வேலை முடிந்தது.

கண்ணாடியில் படிந்த வெள்ளை உப்புக்கறைக்கு சோப்பு, ஆசிட் எதுவும் வேண்டாம். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் ஒட்டி வைத்துத் தேய்த்தால் உரிந்து வரும். அப்புறம் தொட்டியை நிரப்பி, தரையில் ஒரு நாள் வைத்து ஒழுகுகிறதா என்று பாருங்கள். வெயிலில் கிடந்ததில் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசை காய்ந்து வெடித்திருக்கலாம். நிலையான இடத்தில் வைக்கும்போது அடியில் தெர்மோகோல் போடுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே 55 லிட்டர்; மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் ஆட்டம் காணும் மேசை தாங்காது.

அடுத்து மண். உரம் போடாத தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து ஓர் அங்குலம், அதன் மேல் கழுவிய ஆற்று மணல் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. வெறும் மணலைவிட வேர் இதில் நன்றாகப் பிடிக்கும். மண்புழு உரத்தை அள்ளிப் போட்டால் செடி செழிக்கும் என்பார்கள். தண்ணீரில் அது மீனுக்கு விஷமான அம்மோனியாவும் பாசியும்தான். அலங்காரக் கல் வைப்பதற்கு முன் அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். நம்மூர் கிரானைட் துண்டு நுரைக்காது, தாராளமாக வைக்கலாம்.

தொட்டியில் பாதி அளவு தண்ணீர் விட்டுச் செடி நடுங்கள். மண் கலங்காமல் இருக்க ஒரு தட்டு வைத்து அதன் மேல் ஊற்ற வேண்டும். கடினத் தண்ணீருக்கு, நாடா போல நீண்ட இலை விடும் வாலிஸ்னேரியாவை அடிக்க ஆளில்லை. பின்வரிசையில் நட்டால் தானே கொடி ஓட்டிப் பரவும். வேலம்பாசியை நடக்கூட வேண்டாம், மிதக்க விட்டாலே போதும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் இலைகள் கிளம்புகிற தடித்த கிழங்குத் தண்டு உண்டு. அதை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கல்லோடு நூலால் கட்டுங்கள், வேர் தானே கல்லைப் பற்றிக்கொள்ளும்.

சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், தண்ணீர் பச்சையாகிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போட்டு ஓட விடுங்கள். மீன் கழிவையும் அதில் வரும் அம்மோனியாவையும் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்த ஸ்பாஞ்சில் குடியேற மூன்று, நான்கு வாரம் ஆகும். காய்ந்த பழைய ஸ்பாஞ்சில் அவை மிச்சமிருக்காது. தெரிந்தவர் வீட்டில் ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைப் பிழிந்து, அந்த அழுக்குத் தண்ணீரை வாங்கி வந்து ஊற்றினால் சீக்கிரம் ஆகும். அதுவரை மீன் வேண்டாம். நட்ட வேகத்தில் சில இலைகள் கரைந்தால் பயப்படாமல் வெட்டி எடுத்துவிடுங்கள், புது இலை வரும்.

அம்மோனியா டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டியதும் கப்பி, மோலி, பிளாட்டி என்று நாலைந்து மீன் விடுங்கள். மூன்றுக்குமே கடினத் தண்ணீர் பிடிக்கும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக, வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கோடையில் தண்ணீர் மளமளவென்று குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம்.