போர்வெல் தண்ணீரும் பறட்டைத் தலையும்

வேளச்சேரிக்கு வீடு மாறிய மூணாவது வாரம் முடி தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொண்டது. சீப்பு பாதியிலேயே நிற்கும்.

முதலில் விளக்கெண்ணெய். பிசுக்குப் போக ரெண்டு தடவை ஷாம்பு போட்டதில் இன்னும் மோசம். பிறகு தலை காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தடவினேன். மேலே பளபளப்பு, தொட்டால் அதே நார். பத்து நாள் போச்சு.

பக்கெட் விளிம்பில் வெள்ளையாய் உப்புப் படிந்திருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதே போர்வெல் உப்புதானே தலையிலும்? படிவின் மேல் எண்ணெய் பூசி என்ன பயன்!

வரிசையை மாற்றினேன். குளிக்க ஒரு மணி நேரம் முன்பே ரெண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், காதுக்குக் கீழே நுனி வரை மட்டும். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கழல்வதைக் குறைக்கும். ஷாம்பு ஒரே தடவை. கடைசி அலசலுக்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம்; ஒரு குடம் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர். துண்டால் துவட்டாமல் பழைய வேட்டியில் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே நாலு சொட்டு நல்லெண்ணெய். காய விட்டுத் தடவினால் இது பலிக்காது.

நாலாவது குளியலில் சீப்பு தடங்கலில்லாமல் இறங்கியது.